உறவுமுறைச் சொற்களும் சமூகப் படிநிலைக் கோட்பாடும் – மருமக்கத்தாய ஆய்வை முன்வைத்து

முன்னுரை

'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் தம் நூலின் நான்காம் பதிப்பிற்கு 1891இல் எழுதிய முன்னுரையில், அமெரிக்க மானிடவியலாளர் லூயி ஹென்றி மார்கனின் கண்டுபிடிப்பை எங்கெல்ஸ் மிக உயர்வாக மதிப்பிட்டார். தந்தைவழிக் குலத்திற்கு முற்பட்டது தாய்வழிக் குலமே என்னும் அக்கண்டுபிடிப்பு, உயிரியலில் டார்வினின் கொள்கைக்கும் அரசியல் பொருளாதாரத்தில் மார்க்சின் உபரிமதிப்புக் கொள்கைக்கும் இணையானது என்பது அவர் கருத்து. அம்மதிப்பீடு அடுத்துவந்த முக்கால் நூற்றாண்டுக் காலம் மார்க்சிய வரலாற்றெழுத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

அறிவியல் கொள்கைகளைத் தத்துவத்திற்குத் துணையாக்குவதில் நேர்ந்த பிழைகளைப் பேசுவோர் பெரும்பாலும் சோவியத் நாட்டின் லைசென்கோ விவகாரத்தையே எடுத்துக்காட்டுவர். 1948 ஆகஸ்டில் மரபணுவியல் அங்கு அரசின் ஆணையால் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், தாவரவியலாளர் வவிலோவ் சிறையில் இறந்திருந்தார். அது அதிகாரத்தின் துணையோடு நிகழ்ந்த பிழை. எனவே எளிதில் கண்ணுக்குப் புலப்படுவது. தென்னிந்திய வரலாற்றாய்வில் நிகழ்ந்த பிழை அத்தகையதன்று. அதனை எவரும் ஆணையிட்டுத் திணிக்கவில்லை. கற்றோர், நல்லெண்ணத்தோடு, அறிவியல் எனக் கருதியே அதனை ஏற்றனர். அதனாலேயே அது நெடுங்காலம் ஆராயப்படாமல் நின்றது.

மார்கனின் கோட்பாடு தமிழ் உறவுமுறைச் சொற்களைத் தன் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டு எழுந்தது. எங்கெல்சின் நூல்வழியே தத்துவத்தின் பகுதியாயிற்று. பின்னர்த் தென்னிந்தியச் சமூகத்தை விளக்கும் விதியாகத் திரும்பி வந்தது. இச்சுழற்சியையும், கேரளத்தின் மருமக்கத்தாய ஆய்வில் அது விளைத்த விளைவையும் கழக்கூட்டம், நாஞ்சில் நாடு ஆகிய பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்ச் சொற்களிலிருந்து எழுந்த கோட்பாடு

மார்கன் (1818–1881) நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்த வழக்கறிஞர். இரோகுவாய் இனத்தவருள் ஒரு பிரிவினரான செனகா மக்களோடு பழகி, அவர்களின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்தார். அம்மக்கள் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைத்தனர். தாயின் உடன்பிறந்தாளையும் தாய் என்றே அழைத்தனர். இவ்வழக்கு பிற நாடுகளிலும் உண்டா என அறிய, இருநூறுக்கும் மேற்பட்ட உறவுகளைக் குறித்த வினாப்பட்டியலை மிஷனரிகளுக்கும் தூதரக அலுவலர்களுக்கும் அனுப்பினார்.

தமிழகத்திலிருந்து கிடைத்த விடை அவரைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது. அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனின் ஸ்கட்டர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுமுறைச் சொற்கள் அவருக்குக் கிடைத்தன. பெரியப்பா, சித்தப்பா என்பன 'அப்பா' என்பதன் விரிவுகளாகவும், பெரியம்மா, சின்னம்மா என்பன 'அம்மா' என்பதன் விரிவுகளாகவும் அமைந்திருப்பதையும், அத்தையும் மாமனும் தனிச்சொற்களால் வேறுபடுத்தப்படுவதையும் அவர் கண்டார். பெருங்கடலால் பிரிக்கப்பட்ட இரு மக்களிடம் ஒரே முறை நிலவுகிறது என்னும் முடிவுக்கு வந்தார். 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூலில் தமிழ், தெலுங்கு, கன்னட அட்டவணைகள் முதன்மையான இடத்தைப் பெற்றன.

1877இல் வெளிவந்த 'பண்டைச் சமூகம்' என்னும் நூலில் மார்கன் அடுத்த படிக்குச் சென்றார். இன்றைய உறவுச் சொற்கள் என்றோ மறைந்துபோன மணமுறைகளின் எச்சங்கள் என்றார். தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தை என அழைப்பதற்குக் காரணம், பண்டு உடன்பிறந்தார் பலர் தம் மனைவியரைப் பொதுவாகக் கொண்டிருந்தமையே என்பது அவர் ஊகம். இதற்கு ஹவாய்த் தீவின் சொல்லைக் கொண்டு 'புனலுவாக் குடும்பம்' எனப் பெயரிட்டார். இரத்த உறவுக் குடும்பம், புனலுவாக் குடும்பம், இணைமணக் குடும்பம், தந்தையாட்சிக் குடும்பம், ஒருதார மணக் குடும்பம் என்னும் ஐந்து படிகளையும், காட்டாண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் மூன்று காலப் பகுப்புகளையும் வகுத்தார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. குழுமணம் தமிழரிடம் நிலவியதை மார்கன் கண்டதில்லை, கண்டதாகக் கூறவுமில்லை. வீட்டில் வழங்கும் சொல்லிலிருந்து அதனை உய்த்துணர்ந்தார். அது ஓர் அறிஞரின் துணிவான ஊகம். ஊகத்திற்குரிய மதிப்பு அதற்கு உண்டு; அதற்கு மேற்பட்ட மதிப்பு இல்லை.

ஊகம் விதியானது

மார்க்ஸ் தம் இறுதி ஆண்டுகளில் மார்கனின் நூலைக் கற்று விரிவான குறிப்புகள் எடுத்திருந்தார். 1883இல் அவர் மறைந்தபின், அக்குறிப்புகளைப் பயன்படுத்தி எங்கெல்ஸ் 1884இல் தம் நூலை வெளியிட்டார். பொருள்முதல்வாத வரலாற்றுக் கொள்கையை மார்கன் அமெரிக்காவில் தம் போக்கில் மீண்டும் கண்டறிந்தார் என அதன் முதற்பதிப்பின் முன்னுரை கூறுகிறது.

அந்நூலில் தென்னிந்தியா இருமுறை சான்றாக வருகிறது. தமிழரும் செனகா மக்களும் இருநூறுக்கும் மேற்பட்ட உறவுநிலைகளை ஒரே முறையில் குறிக்கின்றனர் என எங்கெல்ஸ் எழுதினார். கேரளத்து நாயர்களின் மணமுறையையும் அவர் குறிப்பிட்டார். ஸ்காட்லாந்து அறிஞர் மக்லெனன் 1865இல் எழுதிய நூலிலிருந்தே அச்செய்தி பெறப்பட்டது. பல ஆடவர் ஒரு பெண்ணையும், அவ்வாடவர் மீண்டும் வேறு பெண்களையும் கூட்டாகக் கொள்ளும் முறையாக அதனை விவரித்து, குழுமணத்தின் ஒரு தனிவகையாக அவர் கருதினார். தமிழரின் சொல்லும் நாயரின் சம்பந்தமும் இவ்வாறு ஒரே ஏணியின் இரு படிகளாக்கப்பட்டன.

மார்கனிடம் ஊகமாக இருந்தது எங்கெல்சிடம் வரலாற்றின் இன்றியமையாக் கட்டமாயிற்று. கால்நடைச் செல்வம் பெருகியபோது ஆடவர் தாயுரிமையைக் கவிழ்த்துத் தந்தையுரிமையை நிறுவினர். தனிச்சொத்தும் அரசும் அதனோடு பிறந்தன என்பது அவர் வரைந்த வரலாறு. தனிச்சொத்துக்கும் பெண்ணடிமைக்கும் தோற்றம் உண்டு எனில் முடிவும் உண்டு என்னும் நம்பிக்கையை அது உழைக்கும் மக்களுக்கு அளித்தது. அந்நம்பிக்கையின் அறமதிப்பு பெரிது. ஆயினும் ஒரு கொள்கை நம்பிக்கை அளிப்பதனாலேயே அதன் சான்று வலுப்பெற்றுவிடுவதில்லை.

1938இல் ஸ்டாலின் எழுதிய 'இயங்கியல் பொருள்முதல்வாதமும் வரலாற்றுப் பொருள்முதல்வாதமும்' என்னும் பகுதி, பூர்வீகப் பொதுவுடைமை, அடிமைமுறை, நிலவுடைமை, முதலாளியம், சோசலிசம் என ஐந்து உற்பத்தி உறவு வகைகளை வகுத்தது. இதன்பின் மார்கனை ஐயுறுவது தத்துவத்தையே ஐயுறுவதாகக் கொள்ளப்படும் நிலை ஏற்பட்டது. உயிருள்ள ஆய்வு வினா வாய்பாடாக இறுகியது.

திரும்பி வந்த கோட்பாடு

இவ்வாய்பாடு இந்தியாவிற்குப் பல வழிகளில் வந்தது. எஸ்.ஏ. டாங்கே 1949இல் வெளியிட்ட 'இந்தியா: பூர்வீகப் பொதுவுடைமையிலிருந்து அடிமைமுறை வரை' என்னும் ஆங்கில நூல், வேத இலக்கியத்தில் எங்கெல்சின் கட்டங்களைத் தேடிக் கண்டது. ராகுல சாங்கிருத்தியாயன் 1943இல் இந்தியில் எழுதிய 'வால்காவிலிருந்து கங்கை வரை', கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பால் தமிழகத்து வாசகரிடையே பரவியது. கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தும் தாயின் சித்திரத்தோடு அதன் முதற்கதை தொடங்குகிறது. தமிழ் வாசகர் பலருக்குத் தாயாட்சிச் சமூகம் என்பது ஆய்வுக் கருதுகோளாக அறிமுகமாகவில்லை. கண்முன் நிகழ்ந்தது போன்ற கதையாகவே அறிமுகமாயிற்று.

பர்மிங்காம் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன், பண்டைக் கிரேக்கத்தைப் பற்றிய தம் நூல்களில் மார்கனின் உறவுமுறைக் கொள்கையை விரிவாகக் கையாண்டவர். ஈழத்து அறிஞர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவரிடம் ஆய்வு செய்தவர்கள். தமிழாய்வுக்கு அவ்வழியும் திறந்திருந்தது. எனினும் அவ்விருவரும் தம் ஆசிரியரின் கட்டமைப்பை அப்படியே பெயர்த்துவைக்கவில்லை என்பது பின்னர்ச் சுட்டப்படும்.

கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு 1948இல் 'கேரளம் மலையாளிகளின் தாய்நாடு' என்னும் மலையாள நூலையும், 1952இல் கேரளத் தேசிய இனச் சிக்கல் குறித்த ஆங்கில நூலையும் வெளியிட்டார். கேரள வரலாற்றை அரசர் வரிசையாக அன்றி நிலவுறவுகளின் வரலாறாகக் காண முயன்றமை அவருடைய பெரும்பங்களிப்பாகும். ஆனால் மருமக்கத்தாயத்தின் தோற்றத்தை விளக்கும் இடத்தில் அவர் எங்கெல்சைப் பின்பற்றி, அதனைத் தொன்மையான தாய்வழிச் சமூகத்தின் எச்சமாகவே கொண்டார். ஏனைய மக்கள் கடந்துசென்ற கட்டம் கேரளத்தில் எஞ்சி நின்றது என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

இதிலுள்ள தருக்கக் குறை வெளிப்படை. நாயர் வழக்கும் திராவிட உறவுச் சொற்களும் கோட்பாட்டை உருவாக்கிய சான்றுகள். அக்கோட்பாட்டைக் கொண்டே நாயர் வழக்கு விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் பொருந்துவதால் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டதாகிறது. ஒருவரிடம் கடன் வாங்கிய பொருளை அவருக்கே சான்றாகக் காட்டுவது போன்ற நிலை இது.

சொற்கள் கூறுவது யாது

மார்கனின் ஊகத்தை மானிடவியல் வெகுகாலம் முன்னரே மறுஆய்வுக்கு உட்படுத்தியது. 1909இல் குரோபர், உறவுச் சொற்கள் மொழியமைப்பைக் காட்டுவன. அவற்றிலிருந்து மறைந்த மணமுறைகளை நேரடியாக உய்த்துணர்தல் இயலாது என வாதிட்டார். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே களஆய்வு செய்து, 1953இல் திராவிட உறவுமுறைச் சொற்களுக்குப் புதிய விளக்கம் தந்தார். அச்சொற்கள் என்றோ மறைந்த குழுமணத்தின் எச்சங்கள் அல்ல. இன்று வாழும் மணமுறையின் வெளிப்பாடுகள் என்பது அவர் முடிவு. மாமன் மகள், அத்தை மகள் ஆகியோர் மணக்கத்தக்கவர். பெரியப்பா மகளும் சின்னம்மா மகளும் உடன்பிறப்பு முறையினர். பங்காளி, சம்பந்தி என்னும் இப்பகுப்பே சொல்லமைப்பைத் தீர்மானிக்கிறது.

பெரியப்பா என்னும் சொல் 'அப்பா' எனத் தொடங்கவில்லை. 'பெரிய' எனத் தொடங்குகிறது. தந்தையையும் தந்தையின் உடன்பிறந்தானையும் வேறுபடுத்தவே அடை சேர்க்கப்படுகிறது. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும், தன்மை, முன்னிலை, படர்க்கை இடங்களுக்கேற்ப உறவுச் சொல்லே வேறுபட்டது. யாருடைய தந்தை என்பதைச் சொல்லின் உருவமே சுட்டும் அமைப்பு இது. இதைக் கொண்டு குழுமணம் இருந்ததில்லை என நிறுவ இயலாது. ஆனால் இருந்தது எனக் கூறுவோர் இச்சொற்களைத் தம் பக்கச் சான்றாகக் கொள்ளவும் இயலாது.

தமிழ் முறையும் செனகா முறையும் ஒன்று என்னும் அடிப்படைக் கூற்றும் நிலைபெறவில்லை. 1964இல் லவுன்ஸ்பரி அவ்விரண்டும் வேறுபடும் இடத்தைத் தெளிவாகக் காட்டினார். தந்தைக்கு அத்தை மகனாகிய ஒருவர் தமிழ் முறைப்படி மாமன் முறையினர். அவர் மகன் மைத்துனன் முறையினன். செனகா முறையில் அதே ஆள் தந்தை முறையினர்; அவர் மகன் உடன்பிறந்தான் முறையினன். நெருங்கிய உறவில் ஒத்துத் தோன்றும் இரு முறைகள் அடுத்த வட்டத்திலேயே பிரிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் முறை சொல்லத் தெரிந்த மூதாட்டி ஒருவரைக் கேட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய வேறுபாடு இது. தத்துவ நூல்களில் ஏறிய கூற்றோ நெடுங்காலம் திருத்தமின்றி மறுபதிப்பாயிற்று.

கழக்கூட்டத்துச் சான்று

தாயுரிமையிலிருந்து தந்தையுரிமைக்கு என ஒரே திசையில் வரலாறு நகர்கிறது. தனிச்சொத்தும் அரசும் வலுப்பெறுந்தோறும் தாயுரிமை வீழ்கிறது என்பது படிநிலைக் கோட்பாட்டின் மையக் கூற்று. பதினெட்டாம் நூற்றாண்டு வேணாட்டின் வரலாறு இதற்கு மாறாக நிற்கிறது.

வேணாட்டரசர் இராமவர்மா 1729இல் மறைந்தபோது, மருமக்கள்வழி மரபுப்படி அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மா அரியணை ஏறினார். மன்னரின் மக்களாகிய பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் உரிமை கோரினர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர் என்பது வரலாற்றிலும் வாய்மொழி மரபிலும் நிலைத்த செய்தி. அவ்வெண்மருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. குளத்தூர், செம்பழந்தி ஆகிய அயலூர்களின் பெயரால் வழங்கிய பிள்ளைமாரும் அவ்வணியில் இருந்தனர். மார்த்தாண்டவர்மா தம்பிமாரைக் கொன்று, பிள்ளைமாரை ஒடுக்கினார். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டுக் குளம் தோண்டப்பட்டதாக மரபு கூறுகிறது. தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு மரபில் 'தம்பிமார் கதை'யாகவும், 1891இல் சி.வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' புதினமாகவும் இந்நிகழ்ச்சி இலக்கிய வாழ்வு பெற்றது. பிள்ளைமார் பற்றிய மரபுச் செய்திகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பது ஆய்வாளரிடையே வாதத்திற்குரியதே. ஆயினும் அரியணைப் போட்டியில் மகனுரிமையும் மருமகனுரிமையும் மோதின என்பதில் ஐயமில்லை.

இங்குக் கருதத்தக்கது இதுவே. நிலவரி, நிலைப்படை, மைய ஆட்சி ஆகியவற்றோடு புதிய அரசை உருவாக்கியவர் மருமக்கள்வழி உரிமையாளர். மகனுரிமையை ஆதரித்தோர் பழைய குறுநிலத் தலைவர்கள். அவர்களும் தம் வீடுகளில் மருமக்கள்வழியையே கைக்கொண்ட நாயர் குடும்பத்தினர். அரசு வலுவடைந்தபோது இங்குத் தாய்வழி உரிமை வீழவில்லை, வென்றது. ஆற்றிங்கல் அரசியர் மரபில் பெண்வழி இல்லாதபோது வடக்கே கோலத்துநாட்டிலிருந்து பெண்கள் தத்தெடுக்கப்பட்டனர். மறைந்துகொண்டிருக்கும் எச்சத்தை எவரும் இத்துணை முயன்று காப்பதில்லை. அது அன்றைய அரசியல் நிறுவனம்.

நாஞ்சில் நாட்டுச் சான்று

கழக்கூட்டத்துச் சான்று அரசர் மரபைப் பற்றியது எனின், நாஞ்சில் நாட்டுச் சான்று உழவர் குடும்பத்தைப் பற்றியது. பாண்டிநாட்டு வேளாளர் மக்கள்வழியினர். திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நாஞ்சில் நாட்டில் வேளாளரில் ஒரு பெரும்பிரிவினர் மருமக்கள்வழியினர். தமிழ் பேசி, தமிழ்த் தெய்வங்களை வணங்கிய ஒரு சமூகம், மலையாள அரசின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் வாழ்ந்து இம்முறையை மேற்கொண்டது. படிநிலைக் கோட்பாட்டின்படி தந்தைவழியை அடைந்த சமூகம் மீண்டும் தாய்வழிக்குத் திரும்புதல் கூடாது. நாஞ்சில் நாட்டில் அது நிகழ்ந்துள்ளது. வடமலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களிடையேயும், பையனூர்ப் பிராமணரிடையேயும், ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவிய தாய்வழிக் குடிமுறைகள், சமயமும் சாதியும் கடந்து இம்முறை வழங்கியதைக் காட்டுகின்றன.

தாய்வழி மரபு வேறு; தாயாட்சி வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் சிறந்த தமிழ்ச் சான்று, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஆகும். 'தமிழன்' இதழில் 1917ஆம் ஆண்டளவில் தொடராக வந்து, 1942இல் நூலுருப்பெற்ற இந்நகைச்சுவைக் காப்பியத்தின் கதையைக் கூறுபவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. மாமியின் ஆட்சியும், மருமகனின் உரிமையும், கணவன் இறந்தபின் தன் மக்கள் வெறுங்கையராய் நிற்க நேரும் அச்சமும் அவள் வாயிலாக வெளிப்படுகின்றன. மக்களுக்குக் கிடைக்கக்கூடியது 'உகந்துடைமை' எனப்பட்ட சிறுபங்கே. சொத்து பெண்வழியே இறங்கியது. அதனை ஆண்ட கையோ ஆணின் கை. பெண்ணின் பொற்காலத்து எச்சத்தை இம்முறையில் தேடுவோருக்குக் கவிமணியின் தலைவி தரும் விடை கசப்பானது.

இம்முறையை ஒழித்ததும் வரலாற்றின் தானியங்கு விதியன்று. கல்வி, சம்பளப் பணி, தனி ஈட்டம், வழக்கு மன்றச் செலவு ஆகியவை குடும்பங்களுக்குள் விளைத்த நெருக்கடியும், அதனால் எழுந்த சமூக இயக்கங்களும், அவற்றின் விளைவான சட்டங்களுமே அதனை ஒழித்தன. திருவிதாங்கூரில் 1912, 1925ஆம் ஆண்டுகளின் நாயர் சட்டங்கள், 1926இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம், மலபாரில் 1932இன் மருமக்கத்தாயச் சட்டம், இறுதியாக 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் என அவ்வரிசை நீள்கிறது.

சேரர் தாயமுறை விவாதம்

தோற்றக் காலத்தைப் பற்றிய சான்றுகளும் ஏணிக்கு இணங்குவனவாக இல்லை. பதிற்றுப்பத்துப் பதிகங்கள் சேர வேந்தரின் தாயரை அவர்தம் குடிப்பெயரோடு குறிக்கின்றன. அவற்றைக் கொண்டு நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் 'சேரர் தாயமுறை' என்னும் நூலில் சேரர் மருமக்கள்வழியினர் என வாதிட்டார். 'பதுமன் தேவி' என்பது பதுமனின் மனைவியைக் குறித்தால் அரசுரிமை மருமகனுக்கு. பதுமன் மகளாகிய அரசியைக் குறித்தால் மகனுக்கு. ஒரு வேற்றுமைத் தொகையின் விரிவில் ஓர் அரசமரபின் தாயமுறை தங்கியிருந்தது. பாரதியார் மார்க்சியர் அல்லர். அவர் மேற்கொண்டது இலக்கண வழிப்பட்ட ஆய்வு. எனவே அதனை இலக்கணத்தாலேயே மறுக்கவும் முடிந்தது. மறுக்கப்படத்தக்க வடிவில் கருத்தை முன்வைத்தலே ஆய்வு நெறி.

திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் எளங்குளம் குஞ்ஞன் பிள்ளை (1904–1973) எதிர்முடிவுக்கு வந்தார். பத்தாம் நூற்றாண்டு வரை கேரளத்தில் மக்கத்தாயமே நிலவியது. பதினொன்றாம் நூற்றாண்டுச் சேர–சோழப் போர்ச் சூழலில் மருமக்கத்தாயம் எழுந்தது என்பது அவர் கருத்து. போரின் அளவை அவர் மிகைப்படுத்தினார் என எம்.ஜி.எஸ். நாராயணன் போன்ற பின்வந்த அறிஞர் மறுத்தனர். இவ்விவாதம் முடிவுற்றதெனல் இயலாது. ஆயினும் மருமக்கத்தாயம் தொன்மையானதா, இடைக்காலத்ததா என்பது கல்வெட்டாலும் இலக்கியத்தாலும் தீர்க்கப்பட வேண்டிய வினா. படிநிலை வாய்பாடு வினா எழுமுன்னரே விடையைத் தந்துவிடுகிறது.

மறைக்கப்பட்டது யாது

கோட்பாட்டின் பிழை ஏட்டளவில் நின்றிருந்தால் அது பெரிதன்று. அது மறைத்த உண்மை பெரிது. நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகனே தன் சாதியில் மணம் புரிந்தான். இளையோர் நாயர் பெண்களோடு சம்பந்தம் கொண்டனர். அவ்வழிப் பிறந்த மக்கள் தாய்வீட்டைச் சேர்ந்தோர். தந்தையின் இல்லத்துச் சொத்தில் அவர்களுக்கு உரிமையில்லை. பெருநிலவுடைமை சிதறாமல் காக்கப்பட்டதற்கு இவ்வேற்பாடு ஒரு தூண். மருமக்கத்தாயம் அனைத்திற்கும் இதுவே காரணம் எனல் பொருந்தாது. எனினும் நிலவுடைமையை ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டிய இடம் இதுவே. தொல்பழங்காலத்தின் எச்சம் என்னும் விளக்கம், கண்முன் இயங்கிய சொத்துறவை வரலாற்றுக்கு முற்பட்ட காட்டுக்குள் அனுப்பிவைத்தது. நம்பூதிரிச் சமுதாயச் சீர்திருத்தத்தில் தாமே ஈடுபட்ட இ.எம்.எஸ். இந்நடைமுறையின் கொடுமையை அறியாதவர் அல்லர். நடைமுறையைக் கண்டிக்க அறிந்திருந்தும், தோற்ற விளக்கத்தில் அதற்கு உரிய இடம் அளிக்கக் கடன் வாங்கிய கோட்பாடு இடந்தரவில்லை.

பெண்களின் நிலையிலும் இதன் விளைவு உண்டு. சம்பந்தம் மணமே அன்று என்னும் கருத்து ஆங்கிலேய நீதிமன்றங்களில் நிலவியது. 1891இல் அமைந்த மலபார் மணக்குழுவில் உறுப்பினராயிருந்த 'இந்துலேகா' ஆசிரியர் சந்துமேனன், அது மணமே என வாதிட்டார். அதே ஆண்டில்தான் எங்கெல்சின் நான்காம் பதிப்பும் வெளிவந்தது. நீதிமன்றம் ஒழுக்கக் குறைவாகக் கண்டதைக் கோட்பாடு தொன்மையின் எச்சமாகக் கண்டது. இரு நோக்கிலும் அப்பெண்ணுக்கு மனைவி என்னும் பெயர் மறுக்கப்பட்டது.

மாற்றுக் குரல்கள்

இப்பிழையை மார்க்சிய ஆய்வு முழுமைக்கும் உரியதாக்குதல் நேர்மையாகாது. அதனைத் திருத்தியோரிலும் மார்க்சிய அறிஞர் இருந்தனர். டாங்கேயின் நூல் வெளிவந்த 1949ஆம் ஆண்டிலேயே, கணிதவியலாளரான டி.டி. கோசாம்பி அதனைக் கடுமையாகத் திறனாய்ந்தார். மார்க்சியம் சிந்தனைக்கு மாற்றாகாது. சான்றுகளைத் திரட்டும் உழைப்பிலிருந்து அது எவரையும் விடுவிக்காது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம்.

1947 முதல் 1949 வரை கேரளத்தில் களஆய்வு செய்த காத்லீன் கஃப் இடதுசாரிச் சிந்தனையாளர். நாயர் தாய்வழி முறையை அவர் படைத்தொழில், நிலக்கொள்கை, சாதி உறவு ஆகியவற்றோடு இணைத்து விளக்கினார். 1959இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, நாயர் சம்பந்தம் குழந்தைக்குச் சமூகத் தகுதி அளிக்கும் முறையான மணமே என நிறுவியது. பின்னர்க் குடும்பத் தோற்றம் பற்றி எழுதியபோது, தாயாட்சிச் சமூகம் ஒன்று இருந்ததற்குச் சான்றில்லை என அவர் ஒப்புக்கொண்டார்.

தமிழாய்வில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு கா. சிவத்தம்பியின் திணைக் கோட்பாட்டுக் கட்டுரையாகும். திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த 'சோசியல் சயன்டிஸ்ட்' இதழில் 1974இல் அது வெளியாயிற்று. ஐந்திணைகளைக் குறிஞ்சியிலிருந்து மருதம் வரை ஏறும் படிகளாகக் காணும் நோக்கு, பி.டி. சீனிவாச ஐயங்காரின் காலத்திலிருந்தே தமிழில் வேரூன்றியிருந்தது. சிவத்தம்பியோ அத்திணைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சி நிலைகள் என விளக்கினார். வேட்டுவனும் ஆயனும் உழவனும் ஒரே நூற்றாண்டில் அண்டை நிலத்தவராக வாழ்ந்தனர். உற்பத்தியையும் உறவுகளையும் ஆராயும் மார்க்சிய முறை ஏணியின்றியும் இயங்கும். ஏணியை நீக்கியபின் இன்னும் நன்றாக இயங்கும் என்பதற்கு அக்கட்டுரை சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலப்படுகின்றன. தமிழ் உறவுமுறைச் சொற்களிலிருந்து மார்கன் உய்த்துணர்ந்த ஊகம், தத்துவத்தோடு இணைந்தபின் மறுஆய்வுக்கு அப்பாற்பட்ட விதியாயிற்று. தன்னை உருவாக்கிய சான்றுகளையே விளக்கித் தன்னை மெய்ப்பித்துக்கொண்டது. அவ்விதியோடு பொருந்தாத வழக்குகள் 'எச்சம்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டன. வேணாட்டு அரசுரிமைப் போராட்டமும், நாஞ்சில் வேளாளர் வழக்கும் அவ்விதிக்கு மாறாக நிற்கின்றன.

இதனால் பெரிதும் இழந்தது மார்க்சிய வரலாற்று முறையே. நிலம், சொத்து, உழைப்பு ஆகியவற்றை நோக்கச் சொன்ன ஒரு முறை, கேரளத்தில் அவற்றை நோக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஊகமொன்றை நோக்கி நின்றது. அறிவியலின் துணையை நாடும் தத்துவம் அறிவியலின் திருத்தங்களையும் ஏற்றல் வேண்டும். முடிவுகளை மட்டும் பெற்றுக்கொண்டு, அவற்றைத் திருத்தும் உரிமையை மறுப்பின் அது அறிவியலைப் பயன்படுத்துவதாகாது.

தமிழாய்வாளர்க்கு இதில் தனிப்பொறுப்பு ஒன்று உண்டு. உலகக் கோட்பாடு ஒன்றுக்குத் தமிழ்ச் சொற்கள் சான்றாயின. அச்சொற்களின் பொருளை நன்கறிந்த தமிழரிடம் எவரும் கேட்கவில்லை. பெரியப்பா, அத்தான், காரணவர், உகந்துடைமை என்னும் சொற்கள் வழங்கிய குடும்பங்களின் ஓலைகளும் வாய்மொழிப் பாடல்களும் திருவனந்தபுரம், நாஞ்சில் பகுதிகளில் இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. கோட்பாட்டைச் சொற்களில் தேடாமல், சொற்களை அவை வழங்கிய வாழ்வில் வைத்துப் படிக்கும் பணி அங்கிருந்து தொடங்குதல் தகும்.